தண்ணீரில் தலை சுற்றினால்...

மாத்தளை மாவட்டத்தின் குடியேற்றக் கிராமமொன்றில் மாலைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாம் புறப்படும் வேளையில் ஒரு தாய் எம்மைத் தனியே அழைத்தார். பதினாறு வயதான தம் மகனைப் பற்றி அவர் கவலைப்பட்டார். அம்பன் கங்கைக் கரையில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை நடக்கப் பழகிய நாள் முதலே நீந்தப் பழகியவன். ஆற்றின் எந்தச் சுழியும் அவனுக்குத் தெரியும். காணியும் வீடும் நீர்த்தேக்கத்துக்குள் போன பின்னர், புதிய கிராமத்துக்கு அருகேயுள்ள விரிந்த நீர்ப்பரப்பிலும் அதே துணிவோடு இறங்கினான். காற்று வீசிய ஒரு பிற்பகலில், கரையிலிருந்து தூரத்தே தெரிந்த பட்டமரம் வரை நீந்திவிட்டுத் திரும்பும்போது நடுவழியில் தலை சுற்றியது, குமட்டியது, சத்தியெடுத்தான். நீருக்கு மேல் தெரிந்த இன்னொரு மரக்குற்றியைப் பற்றிப் பிடித்ததால் உயிர் தப்பினான்.

"வயிற்றுக் கோளாறு என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டான், சுவாமி. நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீரில் தலை சுற்றியது என்றால் கூட்டாளிமார் சிரிப்பார்களாம்" என்றார் அந்தத் தாய்.

அவருக்கு அன்று நாம் சொன்னவற்றையும், பின்னர் நூல்களைப் புரட்டியும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றையும் இங்கு எல்லாக் குடும்பங்களுக்குமாக எழுதுகிறோம். தண்ணீரில் தலை சுற்றுவது கோழைத்தனமும் அல்ல, நீந்தத் தெரியாமையும் அல்ல. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. தடுக்கும் வழிகளும் உண்டு. அதை மறைப்பதுதான் ஆபத்து.

ஆறு வேறு, நீர்த்தேக்கம் வேறு

எம் வாசகர்களிற் பலர் இடம் பெயர்ந்தவர்கள். சிலர் போரினால் வந்தவர்கள். சிலர் மண்சரிவினால் தோட்டத்து லயன்களை விட்டு வந்தவர்கள். சிலர் அணைக்கட்டுகளுக்காகப் பூர்வீக வயல்களைக் கொடுத்தவர்கள். 2017இல் மொறகஹகந்த நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. களுகங்கைத் திட்டத்துக்காகப் பழைய லக்கல நகரமே வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன்னரே போவதென்ன நீர்த்தேக்கம் இம்மாவட்டத்தில் இருந்தது. இவற்றின் கரைகளில் இன்று குளிப்பும், துணி துவைப்பும், மீன்பிடியும், பிள்ளைகளின் விளையாட்டும் நடைபெறுகின்றன.

ஆற்றில் நீந்தியவருக்கு இரண்டு வசதிகள் இருந்தன. முதலாவது, கரை எப்போதும் அருகில் இருந்தது. இரண்டாவது, நீர் ஒரே திசையில் ஓடியது. நீர்த்தேக்கத்தில் இவ்விரண்டும் இல்லை. தடையில்லாத பெரும் பரப்பின் மீது காற்று வீசும்போது அலைகள் எழுகின்றன. காற்று எவ்வளவு தூரம் நீரின் மேல் ஓடி வருகிறதோ, அவ்வளவுக்கு அலை பெருக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான கச்சான் காற்றுக் காலத்தில் பிற்பகல்களில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நீந்துபவரின் உடல் ஏறி இறங்குகிறது, பக்கவாட்டில் உருளுகிறது. கலங்கிய நீருக்குள் முகத்தை வைத்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தலைச்சுற்றுக்கு வேண்டிய எல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்து விடுகின்றன.

பஸ்ஸில் வரும் சத்தியும் இதுவும் ஒன்றே

இரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் மலையைத் தாண்டி லக்கலவுக்கு பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு இந்த நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு பிள்ளைகள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதும், தாய்மார் தேசிக்காயை முகரக் கொடுப்பதும் நாம் காணும் காட்சிகளே. பஸ்ஸில் வருவதும், கப்பலில் வருவதும், நீந்தும்போது வருவதும் ஒரே நோய்தான். குமட்டலைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் சொல்லே கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அவ்வளவு பழைய நோய் இது.

இது எப்படி உண்டாகிறது? எமது உடல் நிற்கிறதா அசைகிறதா, சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதை மூளைக்கு மூன்று சாட்சிகள் அறிவிக்கின்றன. முதலாவது சாட்சி கண். இரண்டாவது, தசைகளும் மூட்டுகளும் உள்ளங்காலும். மூன்றாவது சாட்சி காதின் உள்ளே ஒளிந்திருக்கிறது. கேட்பதற்கு மட்டுமே காது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் உட்செவியில், எலும்புக்குள்ளே, திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும். உள்ளிருக்கும் திரவமோ சற்றுப் பின்தங்கும். அந்த வேறுபாட்டை நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். அக்குழாய்களுக்கு அருகேயுள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புத் துணிக்கைகள் உள்ளன. மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் சாய்வதையும் அவை காட்டித் தருகின்றன.

வயலில் வரப்பின் மீது நடக்கும்போது மூன்று சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்லும். வளைந்து செல்லும் பஸ்ஸுக்குள் கண் முன்னிருக்கையைப் பார்த்து "அசையவில்லை" என்கிறது. காது "அசைகிறோம்" என்கிறது. நீர்த்தேக்கத்தில் கலங்கிய நீரைப் பார்க்கும் கண் "ஒன்றும் தெரியவில்லை" என்கிறது. உள்ளங்காலுக்கோ நிலமே இல்லை. காது மட்டும் "ஏறுகிறோம், இறங்குகிறோம், உருளுகிறோம்" என்று ஓயாமல் சொல்கிறது. சாட்சிகள் முரண்பட்டால் நீதிபதி குழம்புவார் அல்லவா? மூளையும் அவ்வாறே குழம்புகிறது. அக்குழப்பமே தலைச்சுற்றாகவும் குமட்டலாகவும் சத்தியாகவும் வெளிப்படுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 1882இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், செவிப்புலனும் பேச்சும் இழந்த பலரைச் சுழற்றிப் பரிசோதித்தார். உட்செவி பழுதுபட்டிருந்த பலருக்குத் தலைச்சுற்றே வரவில்லை என்று கண்டார். உட்செவி முற்றாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே தண்ணீரில் தலை சுற்றுகிறது என்றால், உங்கள் உட்செவி நன்றாக வேலை செய்கிறது என்பதே பொருள்.

எவ்வகை அசைவு மிகக் கூடுதலாக வருத்தும் என்பதும் ஆராயப்பட்டுள்ளது. ஏறக்குறைய ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை மெதுவாக ஏறி இறங்கும் அசைவே மிகப் பொல்லாதது. வேகமாகக் குலுங்கும் உழவு இயந்திரத்தில் சத்தி வராதவருக்கும், மெதுவாக ஆடும் வள்ளத்தில் சத்தி வருவது இதனாற்றான்.

யாருக்குக் கூடுதலாக வரும்?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. அதன் பின்னர் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கே மிகக் கூடுதலாக வருகிறது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களுக்குக் கூடுதல். கர்ப்பிணிகளுக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இன்னும் கூடுதல். உடல் வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி நெல்சன், வாழ்நாளெல்லாம் கடலிலே கழித்தும் கடல் நோயால் அவதிப்பட்டவர். கடற்படைத் தளபதிக்கே வரும் நோய், வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு வந்தால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

காதுக்குள் குளிர்ந்த நீர்

அலை சிறிதும் இல்லாத நாளிலும், நீரில் குதித்த உடனேயே சிலருக்கு உலகம் சுழல்வதுண்டு. இதற்கு வேறொரு காரணம் உள்ளது. வியன்னா நகரத்துக் காது வைத்தியரான றொபேட் பாரனி, நோயாளரின் காதைக் கழுவும்போது நீர் மிகக் குளிராக இருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். ஒரு காதுக்குள் குளிர்நீர் சென்றால் அப்பக்கத்து உட்செவித் திரவம் குளிர்ந்து தானாக அசையத் தொடங்கும். தலை அசையாமலே "சுழல்கிறோம்" என்ற பொய்ச்செய்தி மூளைக்குப் போகும். உட்செவி பற்றிய ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பாரனிக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி அவரை அடைந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேரும் எம் பகுதியின் நீர், விடியற்காலையில் குளிராகவே இருக்கும். ஆகவே வியர்வையோடு வந்து திடீரெனக் குதிக்காதீர்கள். முதலில் முகத்தையும் பிடரியையும் இரு காதுகளையும் நனைத்து, படிப்படியாக இறங்குங்கள். தலை சுற்றினால் அசையாமல் எதையாவது பற்றிக்கொண்டிருங்கள். காதுக்குள் சென்ற நீர் உடல் வெப்பத்துக்கு வந்ததும் ஓரிரு நிமிடத்தில் சுற்று அடங்கும்.

நீருக்கடியில் இது நேர்ந்தால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாமற் போகலாம். அப்போது பதறி எத்திசையிலேனும் உதைக்காமல், வாயிலிருந்து சிறிது காற்றை விட்டு, குமிழிகள் போகும் பக்கம் போங்கள். குமிழி எப்போதும் மேலேதான் போகும்.

காதில் சீழ் வடியும் பிள்ளைகளும் செவிப்பறை கிழிந்தவர்களும் மூழ்கிக் குளிக்கவே கூடாது. கிழிசல் வழியாக நீர் நேரே நடுச்செவிக்குப் போவதால் அவர்களுக்குத் தலைச்சுற்று மிகக் கடுமையாக வரும். இத்தகைய பிள்ளைகளை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாக்கு நீரிணை கற்பிக்கும் பாடம்

திறந்த நீரில் நீந்துவது பற்றிப் பேசும்போது எமது மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பாக்கு நீரிணையே. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திக் கடந்தார். 1966 ஏப்ரல் மாதத்தில் இந்தியரான மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். 'ஆழிக்குமரன்' என்று போற்றப்படும் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பவும் நீந்தி வந்து சேர்ந்தார். எடுத்த நேரம் 51 மணித்தியாலம். ஐம்பது ஆண்டுகளின் பின், 2021 ஏப்ரலில், இலங்கை விமானப் படையைச் சேர்ந்த றொஷான் அபேசுந்தர இருவழியையும் 28 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் நீந்தி முடித்தார். 2022 மார்ச்சில் ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி, தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். அவர் ஓட்டிச நிலை உடைய பிள்ளை.

இவர்களது துணிவைப் பற்றி எல்லாரும் பேசுவர். நாம் கவனிக்க வேண்டியது இவர்கள் தெரிந்தெடுத்த காலத்தை. மார்ச், ஏப்ரல் மாதங்கள் வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைக்காலம். பாக்கு நீரிணை அமைதியாய் இருக்கும் காலம். மாபெரும் நீச்சல் வீரர்களும் காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. காற்று ஓயும்வரை காத்திருந்தார்கள்.

இரண்டாவதாக, இவ்வகை நீச்சலில் எவரும் தனியே போவதில்லை. கூடவே வள்ளம் வரும். நீந்துபவர் வள்ளத்தைத் தொடக்கூடாது என்பது விதியாதலால், கயிற்றிலோ கம்பிலோ கட்டி உணவும் குடிபானமும் கொடுப்பார்கள். சிறிது சிறிதாகக் கொடுப்பார்கள். இத்தனை மணி நேரம் நீந்தும் ஒருவர் சத்தியெடுக்கத் தொடங்கினால், குடித்த நீரும் உண்ட உணவும் வெளியேறிப் பலம் குன்றிவிடும். கூட வருபவரின் முதற்கடமை நீந்துபவரின் முகத்தையும் கையசைவையும் பார்த்துக்கொண்டேயிருப்பது. "போதும், ஏறு" என்று சொல்லும் பொறுப்பும் அவருடையதே.

ஆழிக்குமரன் ஆனந்தனே 1984 ஓகஸ்ற் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். திறந்த நீர் எத்தகைய வீரரையும் மிஞ்சக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நீரில் இறங்குமுன்

1. காலை வேளையைத் தெரிந்தெடுங்கள். நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை தெரியும் நாளில் கரையோடு நின்றுவிடுங்கள்.

2. வெறும் வயிற்றோடும் இறங்காதீர்கள், வயிறு நிறைய உண்டும் இறங்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னர் கஞ்சியோ பாணோ அளவாக உண்பது நல்லது. எண்ணெயில் பொரித்தவற்றையும் மிகுந்த உறைப்பையும் தவிர்க்கவும்.

3. இஞ்சி சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. ஒரு துண்டு இஞ்சியை மென்றோ, இஞ்சி இட்ட பிளேன்ரீ குடித்தோ பாருங்கள். தீங்கில்லாத முறை இது.

4. பஸ் பயணத்துக்குப் பாமசியில் வாங்கும் சத்தித் தடுப்பு மாத்திரையை நீந்துவதற்கு முன் ஒருபோதும் விழுங்காதீர்கள். அம்மாத்திரைகளிற் பெரும்பாலானவை நித்திரையை வரவழைப்பவை. சில பார்வையையும் மங்கச் செய்யும். பஸ்ஸில் தூங்கினால் இறங்கும் இடம் தவறும். தண்ணீரில் தூக்கம் வந்தால் உயிர் தவறும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியரைக் கேளாமல் எச்சந்தர்ப்பத்திலும் இவற்றைக் கொடுக்கலாகாது.

5. சாராயமோ கசிப்போ குடித்தவர் நீரில் இறங்கக்கூடாது. மது உட்செவியையும் குழப்பும், மூளையையும் குழப்பும். இரண்டு குழப்பங்களை நீரில் தாங்க முடியாது.

6. அணைக்கட்டு, வான் கதவு, துரிசு, சுரங்க வாயில் ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம். நீரில் மூழ்கிய பழைய மரங்களும் வேலிக் கம்பிகளும் கிணறுகளும் எங்கே இருந்தன என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியுங்கள். உங்கள் பழைய ஊரின் வரைபடம் அவர்கள் மனத்தில் இன்னும் இருக்கிறது. அது இன்று பிள்ளைகளின் உயிரைக் காக்கும்.

நீந்தும்போது

சாட்சிகளை ஒத்துப்போகச் செய்வதே மருந்து. கண்ணுக்கு அசையாத ஒன்றைக் காட்டுங்கள். சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, தூரத்து மலையையோ கோபுரத்தையோ பெரிய மரத்தையோ பாருங்கள். அருகிலிருக்கும் அலையைப் பார்க்காதீர்கள். அது உங்களோடு சேர்ந்து ஆடும்.

ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி மூச்செடுப்பவர்கள் இரு பக்கமும் மூச்செடுக்கப் பழகுங்கள். தலையை வெடுக்கென்று திருப்பாமல், உடலோடு சேர்த்து மெதுவாகத் திருப்புங்கள். குமட்டல் தொடங்குவதை உணர்ந்தால், தலையை மேலே வைத்துத் தவளை போல் நீந்தும் முறைக்கு மாறி, கரையை நேரே பார்த்தபடி திரும்புங்கள்.

நீரை விழுங்காதீர்கள். விழுங்கிய நீர் வயிற்றைக் கலக்கும். கடல் நீரானால் உப்பே சத்தியை உண்டாக்கும். இயந்திர வள்ளம் கூட வந்தால், அதன் புகை உங்கள் மீது வீசாத பக்கத்தில் நீந்துங்கள்.

கொட்டாவி, வாயூறல், முகம் வெளிறுதல், குளிர் வியர்வை, பேச்சு நின்றுபோதல் ஆகியவை முன்னறிகுறிகள். கலகலவென்று பேசிக்கொண்டு நீந்திய பிள்ளை திடீரென மௌனமானால், அதுவே திரும்ப வேண்டிய நேரம்.

சத்தி வந்தேவிட்டால்

நீந்துவதை நிறுத்துங்கள். கூட வருபவரை அழையுங்கள்; ஒரு கையை உயர்த்துங்கள். மிதக்கும் பொருளைப் பற்றிக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சத்தியெடுங்கள். மல்லாந்து கிடந்து சத்தியெடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். சத்தி முடிந்ததும் வாயைத் துப்புரவாக்கி, இரண்டு மூன்று தடவை அமைதியாக மூச்செடுத்து, கிட்டிய கரைக்குத் திரும்புங்கள். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்ற எண்ணம் வேண்டாம்.

இறுக மூடிய 5 லீற்றர் வெற்றுக் கலன்கள் இரண்டு எப்போதும் கரையிலும் தோணியிலும் இருக்கட்டும். லொறி ரியூப் நன்றாக மிதக்கும்; ஆனால் காற்றில் இழுபட்டு நடுவுக்குப் போய்விடும் என்பதை மறக்கவேண்டாம். மூழ்கிய மரங்கள் உள்ள இடத்தில் நீளக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவதும் ஆபத்தே.

கரையில் இருப்பவர்கள் உடனே குதித்து ஓடாதீர்கள். கயிற்றை எறியுங்கள், கலனை எறியுங்கள், நீண்ட கம்பை நீட்டுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மூழ்கிய துயரம் எமது கிராமங்களுக்குப் புதிதல்ல.

கரைக்கு வந்த பின்

நிழலில் இருத்தி, ஈர உடையை மாற்றுங்கள். நிலமே ஆடுவது போல் சிறிது நேரம் தோன்றும், பயப்பட வேண்டாம். மூளை அலைக்குப் பழகியதால் நிலத்துக்குத் திரும்பச் சற்று நேரம் எடுக்கிறது. அது அடங்கும் வரை சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறவேண்டாம்.

சத்தியெடுத்தவருக்கு ஒரே மூச்சில் நீரைக் கொடுத்தால் அதையும் எடுத்துவிடுவார். சிறு சிறு மிடறாகக் கொடுங்கள். ஜீவனிப் பைக்கற் இருந்தால், அதில் எழுதியுள்ள அளவு நீரில் கரைத்துக் கொடுக்கலாம். இல்லையேல், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தலைச்சுற்றும் அலையினால் வந்ததல்ல. நீரில் மூழ்கி எழுந்தவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், மயக்கமோ குழப்பமான பேச்சோ இருந்தால், கரைக்கு வந்து பல மணி நேரத்தின் பின்னும் சத்தி நிற்காவிட்டால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

பழகினால் குறையும்

இந்நோய்க்கு மிகச் சிறந்த மருந்து பழக்கமே. கப்பலில் போகிறவர்களிற் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் நோய் தானே தணிந்துவிடும். மூளை புதிய அசைவைக் கற்றுக்கொள்கிறது. நீந்துபவரும் அவ்வாறு பழகலாம்.

முதல் வாரம், சிற்றலை உள்ள நேரத்தில் நெஞ்சளவு நீரில் நின்று, தூரத்து மலையைப் பார்த்தபடி ஐந்து பத்து நிமிடம் அலையோடு ஆடுங்கள். அடுத்த வாரம், கால் எட்டும் ஆழத்தில் கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள். நடுநீரை நோக்கி அல்ல, கரை நெடுக நீந்துங்கள். குமட்டல் தொடங்குமுன் நிறுத்துவதே முறை. சத்தி வரும் வரை நீந்துவது பயிற்சியாகாது. நாளுக்கு நாள் சிறிது கூட்டுங்கள். எப்போதும் இருவராகவே இறங்குங்கள். மூன்றாமவர் கரையில் பார்த்திருக்கட்டும்.

எம்மிடையே மன்னார், முல்லைத்தீவுக் கரைகளிலிருந்து வந்த குடும்பங்களும் உள்ளன. அலையில் எப்படி மூச்செடுப்பது, காற்று மாறுவதை எப்படி அறிவது என்பவை அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரியும். ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்களோ மூழ்கிய நிலத்தின் மேடு பள்ளத்தை அறிவார்கள். இவ்விரு அறிவும் ஒரே கிராமத்தில் இருந்தும், ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த மகனோடு அடுத்த மாதம் பேசினோம். காதுக்குள் உள்ள குழாய்களைப் பற்றிச் சொன்னபோது வியப்போடு கேட்டான். "அப்ப எனக்கு நீந்த மறக்கேல்லைத்தானே, சுவாமி?" என்று கேட்டான். மறக்கவில்லை, தண்ணீர்தான் மாறியிருக்கிறது என்றோம். ஊரை விட்டு வந்த எங்கள் எல்லாருக்கும் பொருந்தும் விடை அது. புதிய மண்ணில் பழைய நெல் விளையாதபோது நாம் உழவை மறந்துவிட்டோம் என்று எண்ணுவதில்லை. அந்த மண்ணைக் கற்றுக்கொள்கிறோம். புதிய நீரையும் அவ்வாறே கற்றுக்கொள்வோம். உடல் தரும் எச்சரிக்கையை வெட்கத்தால் மறைக்காதிருப்பதே அதன் முதற்பாடம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பிள்ளைகள் எந்தெந்த இடங்களில் நீரில் இறங்குகின்றனர்? அங்கே கயிறும் கலனும் வைக்க யார் பொறுப்பேற்பார்?

2. நீரில் தலை சுற்றிய அனுபவம் எம்மில் யாருக்கேனும் உண்டா? அதை அப்போது யாரிடமாவது சொன்னோமா? சொல்லாவிடின், ஏன்?

3. கடற்கரையிலிருந்து வந்தவர்களும் ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு காலைப் பொழுதை ஒதுக்க முடியுமா?